மார்ச் மாதச் சந்தை: என்எஃப்எல் ஃப்ரீ ஏஜென்ட்டுகளுக்குக் கொட்டும் பணம் திரும்பி வருகிறதா?

மார்ச் இரண்டாவது வாரம் வந்தால் போதும், அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் நண்பர்களின் வாட்ஸப் குழு தூக்கம் கலைந்து எழுந்துவிடும். ஆட்டம் எதுவும் கிடையாது. யார் எந்த அணிக்கு எத்தனை கோடிக்குப் போகிறார் என்பதுதான் பேச்சு. புதிதாக என்எஃப்எல் பார்க்க ஆரம்பித்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகன். சில பதில்களில் வயிற்றெரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீ ஏஜென்ட் என்றால் யார்?

ஒப்பந்தம் முடிந்து, பிடித்த அணியோடு பேசிக் கையெழுத்துப் போடும் உரிமை பெற்ற ஆட்டக்காரர். ஒப்பந்தம் முடிந்த எல்லோருக்கும் இந்த உரிமை முழுசாகக் கிடைத்துவிடாது. நான்கு சீசன் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஒரு சீசனில் குறைந்தது ஆறு ஆட்டங்களுக்கு முழுச் சம்பளப் பட்டியலில் இருந்தால்தான் அது கணக்கில் ஏறும். மூன்று சீசன் மட்டும் முடித்தவரிடம் வேறு அணி விலை பேசலாம். ஆனால் பழைய அணி முறைப்படி உரிமை கோரியிருந்தால், அதே விலையைக் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே இருப்பவர்கள் பழைய அணி கூப்பிட்டால் அங்கேயே போக வேண்டியதுதான்.

ஒப்பந்தம் முடியும் முன்பே அணி கழற்றிவிட்டவர்களும், டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) யாரும் எடுக்காதவர்களும்கூட ஃப்ரீ ஏஜென்ட் என்றே அழைக்கப்படுகிறார்கள். பெயர் ஒன்று, சந்தை வேறு. இங்கே நான் பேசுவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி.

ஐபிஎல் ஏலம் மாதிரியா?

பார்க்க அப்படித் தெரியும், ஆனால் இல்லை. ஐபிஎல் ஏலத்தில் சுத்தியல் விழுந்தால் ஆட்டக்காரர் அந்த அணிக்குப் போகத்தான் வேண்டும். ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்கு லக்னோவுக்குப் போனபோது அவர் லக்னோவைத் தேர்ந்தெடுக்கவில்லை, லக்னோதான் அவரைத் தேர்ந்தெடுத்தது. என்எஃப்எல்லில் முடிவு ஆட்டக்காரர் கையில். அதிகப் பணம் சொன்ன அணியை விட்டுவிட்டு வேறு அணிக்குப் போனவர்களும் உண்டு. விலை யாருக்கும் தெரியாமல் ஏஜென்ட்டுகளின் (ஆட்டக்காரர்களுக்காகப் பேரம் பேசுபவர்கள்) தொலைபேசியில் ஏறுகிறது. எதிரணி உண்மையிலேயே எவ்வளவு சொன்னது என்பது பல நேரம் ஏஜென்ட்டுக்கு மட்டுமே தெரியும். விலை ஏன் வீங்குகிறது என்பதற்கு இது ஒரு பாதி விடை.

இந்த உரிமை எப்போது வந்தது?

1993இல். அதற்கு முன்னால் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் நடைமுறையில் அணியின் சொத்து மாதிரிதான். 1989 முதல் 'பிளான் பி' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு அணியும் 37 பேரைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் போகலாம். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் அந்த 37க்குள் அடங்கிவிடுவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1992இல் ஜெட்ஸ் அணியின் ஃப்ரீமன் மெக்நீல் தொடுத்த வழக்கில் மினியாபொலிஸ் நடுவர் குழு ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

திறந்த முதல் ஆண்டே பெரிய மீன் சிக்கியது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் தற்காப்பு வீரர் ரெஜி வைட், நான்கு ஆண்டுக்கு 1.7 கோடி டாலருக்கு கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போனார். அந்தக் குளிர்ப் பிரதேசச் சிற்றூருக்கு இப்படி ஒரு ஆள் போவார் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை. 1997 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் (லீக்கின் இறுதிப் போட்டி) அவர் எதிரணி குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை, மூன்று முறை வீழ்த்தினார், கோப்பை கிரீன் பேக்கு வந்தது. முதல் பெரிய கொள்முதலே இவ்வளவு நன்றாக அமைந்தது லீக்குக்கு ஒரு விதத்தில் கெடுதல் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வந்த எல்லா முதலாளிகளும் அடுத்த ரெஜி வைட்டைத் தேடியே பணத்தைக் கரைத்தார்கள்.

பணம் இருக்கிற முதலாளி எல்லோரையும் வாங்கிவிட முடியாதா?

முடியாது. 1994 முதல், 2010 ஒன்றைத் தவிர, சம்பள உச்சவரம்பு இருக்கிறது. முதல் ஆண்டு 3.46 கோடி டாலர். 2024இல் 25.54 கோடி, 2025இல் 27.92 கோடி. 32 அணிக்கும் ஒரே வரம்பு. தொலைக்காட்சி வருமானம் ஏற ஏற வரம்பும் ஏறும், ஏனென்றால் லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தம். ரசிகர்கள் ஏறக்குறைய இல்லாத மைதானங்களில் ஆடிய 2020க்குப் பிறகு வரம்பு 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது.

ஆக, ஒரு ஆட்டக்காரரின் மதிப்பு என்பது அவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பது மட்டும் இல்லை. அவருக்குக் கொடுத்த இடத்தில் வேறு யாரை வைத்திருக்கலாம் என்பதுதான் கேள்வி. 53 பேர் கொண்ட பட்டியலில் ஒருவருக்கு 2 கோடி கூடுதலாகக் கொடுத்தால், வேறு எங்கோ நான்கு சுமாரான ஆட்டக்காரர்கள் நான்கு மிகச் சுமாரான ஆட்டக்காரர்களாக மாறுகிறார்கள்.

பழைய ஒப்பந்தத்தை இன்றைய ஒப்பந்தத்தோடு ஒப்பிடும்போதும் வரம்பின் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ரெஜி வைட்டின் ஆண்டுச் சராசரி, மறுவருடம் வந்த வரம்பில் எட்டில் ஒரு பங்கு. 2025 வரம்பில் அது ஆண்டுக்கு சுமார் 3.4 கோடி டாலருக்குச் சமம். அப்படிப் பார்த்தால் அவர் ஒன்றும் மலிவாகப் போகவில்லை.

"நான்கு ஆண்டு, ஆறு கோடி டாலர்" என்று செய்தி வருகிறதே, அந்தப் பணம் முழுவதும் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பேஸ்பால், கூடைப்பந்து லீக்குகளைப் போல இங்கே ஒப்பந்தம் முழுவதும் உறுதி கிடையாது. ஒரு கற்பனை ஒப்பந்தம் எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு, 6 கோடி டாலர். இதில் 2 கோடி கையெழுத்து போனஸ், உடனே கையில் வந்துவிடும். சம்பளம் முதல் ஆண்டு 20 லட்சம், இரண்டாம் ஆண்டு 1.2 கோடி, அடுத்த இரண்டு ஆண்டும் தலா 1.3 கோடி.

வரம்புக் கணக்கில் அந்த 2 கோடி போனஸ் ஒரே ஆண்டில் விழாது. நான்கு ஆண்டுக்கும் தலா 50 லட்சமாகப் பிரித்து எழுதுவார்கள் (அதிகபட்சம் ஐந்து ஆண்டு வரை பிரிக்கலாம்). எனவே முதல் ஆண்டு ஆட்டக்காரர் கையில் 2.2 கோடி வந்திருக்கும், வரம்புக் கணக்கில் 70 லட்சம்தான் ஏறியிருக்கும். "வரம்பில் இடமே இல்லை என்றார்களே, எப்படி வாங்கினார்கள்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இரண்டு ஆண்டு கழித்து ஆள் சரியில்லை என்று கழற்றிவிட்டால், இன்னும் எழுதப்படாத 1 கோடி போனஸ் மொத்தமாக மூன்றாம் ஆண்டுக் கணக்கில் வந்து விழும். டெட் மணி என்பார்கள், செத்த பணம். ஆள் இல்லை, ஆனால் அவர் பேரில் கணக்கு இருக்கிறது. வைத்திருந்தால் அந்த ஆண்டு வரம்பில் 1.8 கோடி ஏறியிருக்கும் (1.3 கோடி சம்பளம், 50 லட்சம் போனஸ் பங்கு). கழற்றிவிட்டால் 1 கோடி செத்த பணம், மிச்சம் 80 லட்சம். ஆட்டக்காரருக்கு மொத்தம் கிடைத்தது 3.4 கோடி. செய்தியில் வந்தது 6 கோடி.

எனவே தலைப்பில் வரும் தொகையை விட்டுவிடுங்கள். உறுதித் தொகை எவ்வளவு, இரண்டு ஆண்டு கழித்துக் கழற்றிவிட்டால் எவ்வளவு செத்த பணம், இந்த இரண்டு எண்தான் உண்மையான ஒப்பந்தம்.

செத்த பணம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு டென்வர் பிராங்கோஸ் 2024இல் ரஸல் வில்சனை விடுவித்ததே சாட்சி. இரண்டு ஆண்டுக் கணக்கில் மொத்தம் 8.5 கோடி டாலர். அவர் ஃப்ரீ ஏஜென்ட்டாக வந்தவர் இல்லை, வேறு அணியோடு மாற்றிக்கொள்ளப்பட்டவர். கணக்கு முறை ஒன்றுதான்.

சரி, நேராகச் சொல்லுங்கள். ஃப்ரீ ஏஜென்ட்டுகளை வாங்குவது லாபமா நட்டமா?

முதல் நாள் வாங்கும் விலை உயர்ந்த ஆள் பெரும்பாலும் நட்டம். இரண்டாம் வாரத்தில், ஓராண்டு ஒப்பந்தத்தில், வேறு அணி தவறான இடத்தில் ஆடவைத்த ஆளை வாங்கினால் லாபத்துக்கு வாய்ப்பு அதிகம். குவார்ட்டர்பேக் தனி, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த இரண்டையும் ஒரே அணியில், ஒரே மார்ச்சில் பார்க்க வேண்டுமா? 2024 ஈகிள்ஸ். அணியின் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் அந்த வசந்தத்தில் பலரை எடுத்தார். அதில் மூன்று பேரை மட்டும் பாருங்கள்.

பிரைஸ் ஹஃப், எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் ஆட்டக்காரர். முந்தைய சீசனில் ஜெட்ஸுக்காக 10 முறை வீழ்த்தியவர். மூன்று ஆண்டு, 5.11 கோடி டாலர். ஈகிள்ஸுக்காக அந்த சீசனில் 2.5 முறை வீழ்த்தினார். நடுவில் மணிக்கட்டு அறுவைச் சிகிச்சை. மறுவருடம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஸாக் பான். நியூ ஆர்லியன்ஸில் நான்கு ஆண்டு ஆடியும் பெயர் எடுக்காதவர், பெரும்பாலும் உதைக் குழுவில் ஓடிக்கொண்டிருந்தவர். ஓராண்டு, 35 லட்சம் டாலர். ஈகிள்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ அவரை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தினார். 151 டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது), லீக்கின் முதல் தர நட்சத்திர அணியில் இடம், சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பறித்தார். மறுவருடம் அவருக்கே மூன்று ஆண்டுக்கு 5.1 கோடி கொடுத்தார்கள். ஹஃபுக்கு முதலிலேயே கொடுத்த தொகைக்குச் சற்றேறக்குறைய சமம் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது ஆள் சாக்வான் பார்க்லி. இவரைப் பற்றித் தனியாகத்தான் புலம்ப வேண்டும்.

பார்க்லியை ஜயன்ட்ஸ் ஏன் விட்டார்கள்?

காகிதத்தில் பார்த்தால் அவர்கள் செய்தது தவறில்லை. அதுதான் வலி.

பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குகள் சீக்கிரம் தேய்ந்துபோவார்கள். அவர்களுக்குப் பெரிய இரண்டாவது ஒப்பந்தம் கொடுத்த அணிகள் பல கையைச் சுட்டுக்கொண்டன. லெவியான் பெல் 2018இல் பிட்ஸ்பர்க் நீட்டிய ஓராண்டுச் சம்பளத்தை ஏற்காமல் சீசன் முழுவதும் வீட்டில் உட்கார்ந்தார். 2019இல் ஜெட்ஸ் அவருக்கு நான்கு ஆண்டு, 5.25 கோடி டாலர் கொடுத்தது. 2020 அக்டோபரில் கழற்றிவிட்டது. 2023 கோடையில் ரன்னிங் பேக்குகளின் சந்தையே படுத்துவிட்டது. அப்போது பார்க்லிக்கு 26 வயது, முழங்கால் காயம் ஒன்றைத் தாண்டி வந்தவர். 2024 மார்ச்சில் ஜயன்ட்ஸ் பொது மேலாளர் ஜோ ஷேன் அவரைச் சந்தைக்குப் போக விட்டார். ஈகிள்ஸ் மூன்று ஆண்டுக்கு 3.775 கோடி டாலர் சொன்னது. ஃபிலடெல்ஃபியா எங்கள் பிரிவிலேயே இருக்கும் பங்காளி வீடு. அங்கே போனால் தனக்குத் தூக்கம் வராது என்று அணி முதலாளி ஜான் மாரா மேலாளரிடம் சொல்லும் காட்சி தொலைக்காட்சியிலேயே வந்தது.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். வழக்கமான சீசனில் 2,005 கெஜம். அக்டோபர் 20 அன்று எங்கள் மைதானத்துக்கே வந்து 17 ஓட்டங்களில் 176 கெஜம், ஸ்கோர் 28–3. பிப்ரவரியில், அவருடைய 28ஆவது பிறந்த நாளன்றே, கான்சஸ் சிட்டியை 40–22 என்று வென்று கோப்பை. ஜயன்ட்ஸ் அந்த சீசனில் 3 வெற்றி, 14 தோல்வி.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பார்க்லி ஜயன்ட்ஸிலேயே இருந்திருந்தால் 2,005 கெஜம் வந்திருக்காது. ஈகிள்ஸின் முன்வரிசை, லேன் ஜான்சன், ஜோர்டன் மைலாட்டா எல்லாம் மலை மாதிரி நிற்கிறவர்கள். அந்த வரிசையில் வலது கார்டாக நின்ற மெக்கை பெக்டனும் அதே வசந்தத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த ஃப்ரீ ஏஜென்ட்தான். ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு அணியில் இரண்டு மதிப்பு. எங்களிடம் இருந்தவர் நல்ல வண்டி, ரோடு இல்லை. அவர்களிடம் எட்டு வழிச் சாலை காலியாகக் கிடந்தது.

அதே மார்ச்சில் டெரிக் ஹென்றி 30 வயதில் இரண்டு ஆண்டுக்கு வெறும் 1.6 கோடிக்கு பால்டிமோருக்குப் போய் 1,921 கெஜம் ஓடினார். எல்லோரும் ஒரு சரக்கை ஒரே நேரத்தில் ஒதுக்கும்போது அது மலிந்துபோகிறது. மலிந்த நேரத்தில் வாங்கியவன் பிழைத்தான்.

முதல் நாள் விலை ஏன் இவ்வளவு ஏறுகிறது?

சட்டப்படி ஒப்பந்தம் போடும் நேரம் புதன்கிழமை மாலை 4 மணி, கிழக்கு அமெரிக்க நேரம். ஆனால் திங்கள் நண்பகலிலிருந்தே ஏஜென்ட்டுகளோடு பேசலாம். அந்த 52 மணி நேரத்தில் பெரிய பெயர்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும். அவசரத்தில் யாருக்கு நிதானம் இருக்கும்?

பொருளாதாரக்காரர்கள் இதை 'வெற்றியாளரின் சாபம்' என்பார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்க்கவில்லை என்று மூன்று எண்ணெய்ப் பொறியாளர்கள் 1971இல் எழுதியதிலிருந்து வந்த கருத்து அது. பூமிக்கடியில் எவ்வளவு எண்ணெய் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு மதிப்பீடு. ஏலத்தில் ஜெயிப்பவர் யார்? எல்லோரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர், அதாவது பெரும்பாலும் அதிகமாகத் தப்பு செய்தவர். ஆட்டக்காரரின் முழங்காலும் பூமிக்கடியில் இருக்கிற எண்ணெய் மாதிரிதான்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லை, சந்தை. பார்த்தே ஆக வேண்டும். ஒரு ஆட்டக்காரரின் உடம்பு, உழைப்பு, இரவு எத்தனை மணிக்கு வீடு போகிறார் என்பதெல்லாம் பழைய அணிக்குத்தான் முழுசாகத் தெரியும். அந்த அணி கையில் பணம் இருந்தும் அவரை விடுகிறது என்றால், ஏன் என்று கேட்க வேண்டும். சில நேரம் பதில் நல்லதாக இருக்கும்: அவர்களுக்கு வரம்பில் இடமில்லை, அல்லது அதே இடத்தில் மலிவான இளைஞன் தயாராக இருக்கிறான். ஈகிள்ஸ் 2025இல் ஜாஷ் ஸ்வெட்டையும் மில்டன் வில்லியம்ஸையும் விட்டது இப்படித்தான். சூப்பர் பவுலில் இருவரும் சேர்ந்து மஹோம்ஸை நாலரை முறை வீழ்த்தியவர்கள். வில்லியம்ஸுக்கு நியூ இங்கிலாந்து நான்கு ஆண்டுக்கு 10.4 கோடி டாலர் கொடுத்தது.

மோசமான கொள்முதல் என்று எதைச் சொல்வீர்கள்?

வாஷிங்டனில்தான் தொடங்க வேண்டும். 1999இல் 10 வெற்றி பெற்ற அணிக்கு, 2000இல் முதலாளி டேன் ஸ்னைடர் டியான் சாண்டர்ஸ், புரூஸ் ஸ்மித், ஜெஃப் ஜார்ஜ் என்று பழைய பெரிய பெயர்களாக வாங்கிக் குவித்தார். 8 வெற்றி, 8 தோல்வி. சீசன் முடியும் முன் பயிற்சியாளர் வேலையை இழந்தார். ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்ட சாண்டர்ஸ் ஓராண்டு ஆடி ஓய்வு பெற்றார். பாடம் கற்றார்களா? 2009இல் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்துக்கு ஏழு ஆண்டு, 10 கோடி டாலர், அதில் 4.1 கோடி உறுதி. இரண்டு சீசனில் மொத்தம் ஆறரை முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். பயிற்சி முகாமில் ஓட்டத் தேர்வில் தேறாமல் நின்றதுதான் அதிகம் பேசப்பட்டது.

ஹூஸ்டன் கதை வேறு ரகம். 2016இல் பிராக் ஆஸ்வைலர் என்ற குவார்ட்டர்பேக்குக்கு நான்கு ஆண்டு, 7.2 கோடி. ஒரே சீசனில் கசந்துவிட்டது. அவரை எடுத்துக்கொள்ளச் சொல்லி கிளீவ்லாந்துக்கு ஒரு இரண்டாம் சுற்று டிராஃப்ட் இடத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்கின பொருளைத் தூக்கிப்போட மேலே காசு கொடுத்த கதை.

எங்கள் வீட்டுக்கும் வருவோம். 2016இல் ஜயன்ட்ஸ் ஒலிவியர் வெர்னனுக்கு 8.5 கோடி, ஜனோரிஸ் ஜென்கின்ஸுக்கு 6.25 கோடி, டாமன் ஹாரிசனுக்கு 4.625 கோடி என்று ஒரே வாரத்தில் தற்காப்பு வரிசையையே மாற்றியது. அந்த ஆண்டு 11 வெற்றி. "பார்த்தீர்களா!" என்று நானும் குதித்தேன். அடுத்த ஆண்டு 3 வெற்றி, 13 தோல்வி. 2019 முடிவதற்குள் மூவரும் அணியில் இல்லை. இதை முழுத் தோல்வி என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு நல்ல சீசன் கிடைத்தது. ஆனால் வாங்கினது ஒரு சீசன், விலை ஐந்து சீசனுக்கு.

குவார்ட்டர்பேக் தனி என்றீர்களே?

ஆமாம், ஏனென்றால் நல்ல குவார்ட்டர்பேக் சந்தைக்கே வரமாட்டார். வந்தால் ஏதோ ஒரு விபத்து நடந்திருக்கிறது என்று பொருள்.

டிரூ பிரீஸ் வந்தது தோள்பட்டையால். 2005இன் கடைசி ஆட்டத்தில் எறியும் கை நைந்துபோனது. சான் டியேகோவிடம் இளைஞர் ஃபிலிப் ரிவர்ஸ் தயாராக இருந்தார். மயாமி மருத்துவர்கள் தோளைப் பார்த்துத் தயங்க, அந்த அணி பதிலாக டான்ட் கல்பெப்பரை எடுத்துக்கொண்டது. கத்ரீனா புயலில் சிதைந்து, முந்தைய சீசன் முழுவதும் வெளியூர்களில் ஆடி 3 வெற்றி மட்டும் பெற்ற நியூ ஆர்லியன்ஸ், ஆறு ஆண்டு 6 கோடி டாலர் என்று துணிந்தது. முதல் ஆண்டே 10 வெற்றி, 2010 பிப்ரவரியில் சூப்பர் பவுல். வரலாற்றிலேயே சிறந்த ஃப்ரீ ஏஜென்ட் எது என்று கேட்டால் ரெஜி வைட்டா பிரீஸா என்று சண்டை வரும். என் ஓட்டு பிரீஸுக்கு.

பெய்டன் மேனிங் 2012இல் டென்வருக்கு வந்தது கழுத்து அறுவைச் சிகிச்சைகளால். இரண்டு சூப்பர் பவுல், ஒரு கோப்பை. டாம் பிரேடி 2020இல் 42 வயதில் டாம்பா பேக்கு இரண்டு ஆண்டு 5 கோடிக்கு வந்தார், முதல் சீசனிலேயே கோப்பை. இருவருமே ஏற்கனவே ஓரளவு தயாராக இருந்த அணிக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கர்க் கசின்ஸ் மட்டும் வேறு வகை. அவரை வாஷிங்டன் 2016இலும் 2017இலும் ஃபிரான்சைஸ் டேக் போட்டுப் பிடித்து வைத்தது.

அது என்ன டேக்?

அணி தன் ஃப்ரீ ஏஜென்ட் ஒருவரை மட்டும் ஓராண்டுக்குப் பூட்டி வைக்கலாம். பதிலுக்கு அந்த இடத்தில் ஆடும் முதல் ஐந்து பேரின் சம்பளச் சராசரியை ஒட்டி, அல்லது அவர் முந்தைய சம்பளத்தில் 120 சதவீதம், எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும். கசின்ஸுக்கு 2016இல் 1.995 கோடி, 2017இல் 2.394 கோடி. மூன்றாம் முறை போட்டால் சுமார் 3.45 கோடி. வாஷிங்டன் கையை விரித்தது. 2018இல் மினசோட்டா மூன்று ஆண்டு 8.4 கோடியை முழு உறுதியோடு கொடுத்தது. 2024இல் அட்லாண்டா நான்கு ஆண்டு 18 கோடி சொல்லி அவரை எடுத்தது. அடுத்த மாதமே டிராஃப்டில் எட்டாவது இடத்தில் இன்னொரு குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது. டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சில். கல்யாணம் ஆன மறுமாதமே பெண் பார்க்கப் போன மாதிரி.

ஆட்டக்காரரை இழந்த அணிக்கு எதுவுமே கிடைக்காதா?

கிடைக்கும். வாங்கியதைவிட அதிகமாக இழந்த அணிகளுக்கு அடுத்த ஆண்டு டிராஃப்டில் மூன்றாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை ஈட்டு இடங்கள் தருவார்கள். லீக் முழுவதும் 32, ஓர் அணிக்கு அதிகபட்சம் நான்கு. கழற்றிவிடப்பட்டவரை வாங்கினால் இந்தக் கணக்கில் கழிவு இல்லை. அதனால்தான் பால்டிமோர் மாதிரி அணிகள் முதல் வாரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு வேறு அணி கழற்றிவிட்டவர்களைப் பார்க்கும். பிரேடியை நியூ இங்கிலாந்து 2000இல் எடுத்த 199ஆவது இடமும் ஓர் ஈட்டு இடம்தான்.

அப்படியானால் டிராஃப்டை மட்டும் நம்பினால் போதாதா?

போதாது, ஆனால் அடித்தளம் அதுதான். 2011க்குப் பிறகு புதியவர்களின் சம்பளம் கட்டுக்குள் வந்தது. 2010இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டில் 7.8 கோடி, அதில் 5 கோடி உறுதி. அடுத்த ஆண்டு அதே இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி. மலிவான குவார்ட்டர்பேக் கிடைத்த அணிக்கு நான்கு ஆண்டு சந்தையில் செலவழிக்கப் பணம் இருக்கும். 2013 சியாட்டில் அதைத்தான் செய்தது. மூன்றாம் சுற்றில் வந்த ரஸல் வில்சனுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர்கூட இல்லை. மிச்சத்தில் கிளிஃப் ஏவ்ரிலை இரண்டு ஆண்டுக்கும், மைக்கேல் பென்னட்டை ஓராண்டுக்கு 48 லட்சத்துக்கும் எடுத்தார்கள். அந்த சீசன் கோப்பை அவர்களுக்கு. டிராஃப்டில் அடுப்பு மூட்ட வேண்டும், ஃப்ரீ ஏஜென்ட்டில் தாளிக்க வேண்டும். தாளிப்பை மட்டும் சாப்பிட முடியாது.

ஆட்டக்காரர்கள் பணத்தை மட்டுமா பார்க்கிறார்கள்?

இல்லை. ஃபுளோரிடா, டெக்சாஸ், டென்னசி, நெவாடா மாநிலங்களில் மாநில வருமான வரி கிடையாது, ஏஜென்ட் அதையும் கணக்குப் போடுவார். பயிற்சியாளர், குவார்ட்டர்பேக், வீடு, பிள்ளைகள் எல்லாம் உண்டு. ஆனால் உறுதித் தொகையில் பெரிய இடைவெளி இருந்தால் பெரும்பாலானோர் பணத்தின் பக்கம்தான். சராசரி ஆட்டக்காலம் சில ஆண்டுகளே உள்ள தொழிலில் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச்சில் என் அணி ஒருவரை எடுத்தால் நான் எதைப் பார்க்க வேண்டும்?

உறுதித் தொகை. வயது. பழைய அணி ஏன் விட்டது. முந்தைய சீசன் மட்டும் திடீரென்று பிரமாதமா, அல்லது மூன்று சீசனாக ஒரே சீரா. முக்கியமாக, உங்கள் அணி அவரை எங்கே நிறுத்தப் போகிறது. இதற்கு அந்தப் பயிற்சியாளரிடம் தெளிவான பதில் இருந்தால் 35 லட்சத்துக்கு ஒரு பான் கிடைக்கலாம்.

இல்லையென்றால் கென்னி கோலடே.

யார் அந்தக் கோலடே?

டெட்ராய்ட்டில் நன்றாக ஆடிய ரிசீவர், குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர். இடுப்புக் காயத்தால் 2020 சீசனில் பெரும்பகுதி ஆடவில்லை, டெட்ராய்ட்டும் பிடித்து வைக்கவில்லை. 2021 மார்ச்சில் ஜயன்ட்ஸ் அவருக்கு நான்கு ஆண்டு, 7.2 கோடி டாலர் கொடுத்தது. அன்று நான் அலுவலகத்தில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சீசனில் அவர் பிடித்தது 43 பந்து. முதல் சீசனில் டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) ஒன்றுகூட இல்லை. எங்களுக்காக அவர் போட்ட ஒரே டச்டவுன் 2023 ஜனவரியில், சீசனின் கடைசி ஆட்டத்தில், மாற்று குவார்ட்டர்பேக் டேவிஸ் வெப் எறிந்தது. முடிவு எங்களைப் பாதிக்காத ஆட்டம், முக்கியமானவர்களுக்கு எல்லாம் ஓய்வு கொடுத்திருந்தார்கள். அழகான பிடி, அதில் சந்தேகமே இல்லை. எதிரணி ஃபிலடெல்ஃபியா. ஆட்டத்தில் தோற்றோம், மார்ச்சில் அவரை விடுவித்தார்கள், 2023 வரம்புக் கணக்கில் அவர் பேர் இருந்தது.